முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை: ‘சூ சான் லீ’ புள்ளியைக் கண்டுபிடித்து அழுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள எங்கள் காரைதீவைக் கடக்கும் நாட்களில் கோயில் மண்டபத்தில் இரவு தங்குவார்கள். சாப்பாடு முடிந்ததும் வயதான அம்மாக்கள் காலை நீட்டி உட்கார்ந்து, தாங்களாகவே முழங்காலுக்குக் கீழே பிடித்துவிடத் தொடங்குவார்கள். பலரும் பின்பக்கக் கெண்டைச் சதையில் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் முன்னெலும்பின் வெளிப்பக்கத்துக்கு வந்துவிடுவார்கள். “இஞ்சதான் மனே, விண்விண்ணெண்டு நோகுது” என்று ஒரு பெத்தா விரல் வைத்துக் காட்டிய இடம், சீன அக்குபங்சர் மருத்துவம் ‘சூ சான் லீ’ என்று அழைக்கும் புள்ளிக்கு ஒரு விரற்கடைகூடத் தள்ளி இருக்கவில்லை. அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. நடந்த கால் அதுவாகவே காட்டிக்கொடுத்த இடம் அது.

அக்குபங்சரில் மிக அதிகமாகப் பயன்படும் புள்ளிகளில் இது ஒன்று. எலும்போடு ஒட்டிய, தொட்டால் தெரியும் இடம் என்பதால் வீட்டிலேயே கற்றுக்கொள்ள எளிதானதும்கூட. ஊசி வேண்டாம், உங்கள் பெருவிரல் போதும். ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, இடத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். மற்றது, எந்த நோவுக்கு இதை அழுத்தவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது பற்றிக் கீழே கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பெயரும் பின்னணியும்

சூ என்றால் கால். சான் என்றால் மூன்று. லீ என்பது சீனர்களின் தூர அளவு, இன்றைய கணக்கில் 500 மீற்றர். களைத்துப்போன கால்களில் இந்த இடத்தைத் தூண்டினால் இன்னும் மூன்று லீ தூரம் நடக்கலாம் என்பது பெயருக்குச் சொல்லப்படும் பிரபலமான விளக்கம். முழங்காலுக்குக் கீழே மூன்று அளவு தள்ளி இருப்பதால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. உலகப் பொது எண் முறையில் இது எஸ்.ரீ. 36, அதாவது இரைப்பைப் பாதையின் 36ஆவது புள்ளி. பாதை என்பது உடம்பில் சக்தி ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் தடம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அளவுகோலில் மொத்தம் 361 புள்ளிகளின் இடங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. இதுவும் அதில் அடக்கம்.

காலில் இருக்கும் புள்ளிக்கு இரைப்பையின் பெயர் எதற்கு? சீன மருத்துவக் கணக்கில் இரைப்பைப் பாதை கண்ணுக்குக் கீழே தொடங்கி, முகம், மார்பு, வயிறு வழியாக இறங்கி, காலின் இரண்டாவது விரலில் முடிகிறது. அந்தப் பாதையில் 45 புள்ளிகள். முழங்காலை அண்டிய புள்ளிகளுக்கு உள்ளுறுப்போடு நேரடித் தொடர்பு உண்டு என்பது அவர்களின் கொள்கை. அதனால்தான் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பழைய செய்யுளொன்றில் வயிறு முழுவதும் இந்தப் புள்ளியின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவோ துறவி மா தான்யாங் தேர்ந்தெடுத்த 12 புள்ளிகளிலும் இது இருக்கிறது.

இந்தப் பாதைகளை உடம்பை அறுத்துப் பார்த்தால் காண முடியாது. அவை ஒரு மரபின் வரைபடம். அதை அப்படியே வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இடத்தைக் கண்டுபிடித்தல்

முதலில் ஒரு கதிரையில் உட்காருங்கள். பாதம் முழுதும் தரையில் படட்டும், முழங்கால் செங்கோணமாக மடிந்திருக்கட்டும். சாரம் உடுத்திருந்தாலும் சோட்டி போட்டிருந்தாலும் முழங்காலுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். துணிக்கு மேலால் தேடினால் தப்பாகத்தான் போகும்.

முழங்கால் சிரட்டையைத் தடவிப் பாருங்கள். அதன் கீழ் விளிம்பில் நடுவே ஒரு தடித்த நாண் ஓடும். நாணின் இரு பக்கமும் இரண்டு குழிகள் இருக்கும். சீனர்கள் இந்த இடத்தைக் ‘கன்றின் மூக்கு’ என்கிறார்கள். மடித்த முழங்காலைப் பார்த்தால் அது கன்றுக்குட்டியின் மூக்குத் துளைகள் போலத்தான் இருக்கிறது. நமக்கு வேண்டியது வெளிக்குழி, அதாவது சின்னவிரல் பக்கம் உள்ள குழி.

இனி அளவு. நம் ஊர் வைத்தியர்கள் ‘விரற்கடை’ என்று அளப்பார்களே, அதே முறைதான். யாருடைய காலோ அவருடைய விரல்கள்தான் அளவுகோல். அம்மாவின் காலில் தேடுவதென்றால் அம்மாவின் கையை எடுத்து வைத்து அளக்க வேண்டும். பிள்ளையின் கால் என்றால் பிள்ளையின் கை. சுட்டுவிரல் முதல் சின்னவிரல் வரை நாலு விரல்களையும் ஒட்டிச் சேர்த்து, சுட்டுவிரலின் மேல் விளிம்பு அந்த வெளிக்குழியில் படும்படி குறுக்காக வையுங்கள். நடுவிரலின் நடு மூட்டு மடிப்பு இருக்கும் மட்டத்தில் நாலு விரல்களின் அகலம்தான் சீனர்களின் மூன்று ‘சுன்’. சுன் என்பது அவர்கள் உடம்பை அளக்கும் அளவு. சின்னவிரலின் கீழ் விளிம்பு எங்கே முடிகிறதோ அதுதான் நம் மட்டம்.

அந்த மட்டத்தில் முன்னெலும்பின் கூரான விளிம்பைத் தொடுங்கள். அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒரு விரற்கடை நகருங்கள். எலும்பை விட்டு இறங்கிச் சதையில் விரல் நிற்கும். அங்கேதான்.

சரியா என்று பார்க்க, குதியைத் தரையில் ஊன்றியபடி முன்பாதத்தை மட்டும் மேலே தூக்குங்கள். உங்கள் விரலுக்குக் கீழே ஒரு சதை திரண்டு எழும்ப வேண்டும். பாதத்தைத் தூக்கும் தசை அது. பாதத்தைக் கீழே விட்டதும் தளரும். எதுவுமே எழும்பவில்லை என்றால் நீங்கள் இன்னும் எலும்பின்மேல் இருக்கிறீர்கள். நான் தொடக்கத்தில் பல நாள் எலும்பு விளிம்பையே அழுத்திக் கண்டிப்போக வைத்திருக்கிறேன். எலும்புக்கு வெளியே இறங்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. கணுக்கால் பக்கமிருந்து முன்னெலும்பின் விளிம்பிலேயே விரலை மேலே ஓட்டிக்கொண்டு வாருங்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே ஒரு மேடு வந்து விரலைத் தடுக்கும். அந்த மேட்டின் அடிவிளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே, ஒரு விரற்கடை வெளியே. இரண்டு வழியிலும் தேடி இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

வாதத்தால் விரல்கள் வளைந்து வீங்கியவர்களுக்கு விரற்கடை பிழைக்கும். அவர்களுக்கு நூல் அளவு நல்லது. முழங்காலின் பின்மடிப்பு மட்டத்திலிருந்து வெளிக்கணு எலும்பின் முனை வரை ஒரு நூலால் அளந்து வெட்டுங்கள். அது 16 பங்கு என்பது மரபுக் கணக்கு. நூலை நாலு தரம் பாதி பாதியாக மடித்தால் ஒரு மடிப்பு ஒரு பங்கு. மூன்று பங்கை விரித்து, வெளிக்குழியிலிருந்து கீழே பிடித்தால் மட்டம் வந்துவிடும்.

அழுத்தும் முறை

கையைக் கழுவி, நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய் வேண்டாம், வழுக்கும். பெருவிரலின் நுனியை அல்ல, சதைப்பற்றான பகுதியைப் புள்ளியில் வைத்து, மற்ற நாலு விரல்களால் கெண்டைக்காலைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடியுங்கள். இப்படிப் பிடித்தால் பெருவிரல் மூட்டுக்குப் பாரம் குறையும். மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே நேராக உள்நோக்கி அழுத்துங்கள். ஐந்து வரை எண்ணி, மூச்சை இழுத்துக்கொண்டே தளர்த்துங்கள். அல்லது அழுத்தத்தை விடாமல் சிறு வட்டமாக உருட்டலாம். ஒரு காலுக்கு இரண்டு மூன்று நிமிடம், அப்புறம் மற்றக் கால்.

எவ்வளவு பலம்? ஒருவிதக் கனமான உளைவு தெரிய வேண்டும். சிலருக்கு அந்த உளைவு பாதத்தின் மேற்பக்கம் வரை இறங்கும். சீனர்கள் அதைத்தான் ‘தே சீ’, சக்தி வந்து சேர்ந்தது, என்கிறார்கள். முகம் சுளிக்கும் அளவுக்கு நோ வந்தால் பலம் கூடிவிட்டது. மின்சாரம் அடித்தது போலச் சுரீர் என்று பாய்ந்தால் உடனே எடுத்துவிட்டு இடத்தைச் சற்று மாற்றுங்கள். பக்கத்தில் நரம்பு ஓடுகிறது. நம் ஆட்களுக்கு நோக நோகப் பிடித்தால்தான் வருத்தம் போகும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இதில் அது வேண்டாம். கண்டிப்போன இடத்தை மறுநாள் தொட முடியாது, இரண்டு மூன்று நாள் பயிற்சி போய்விடும்.

காலையிலும் இரவு படுக்கும் முன்னும் செய்யலாம். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு வேண்டாம், ஒரு மணித்தியாலமாவது விடுங்கள்.

மரபில் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள்

முதலிடம் வயிற்றுக்கு. செமியாக்குணம், வயிறு ஊதிக் கனத்தல், பசியின்மை, ஓங்காளம், சத்தி, மலச்சிக்கல், வயிற்றோட்டம் எல்லாவற்றுக்கும் இதே புள்ளி. மலச்சிக்கலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் ஒரே புள்ளியா என்று கேட்கத் தோன்றும். குறைந்ததைக் கூட்டி, கூடியதைக் குறைத்து, வயிற்றை அதன் இயல்புக்குக் கொண்டுவருகிறது என்பது அவர்களின் விளக்கம். எங்கள் வீட்டில் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரவில் வயிறு ஊதினால் இதைத்தான் முதலில் செய்வோம். ஏவறை வந்து வயிறு இளகுவது எனக்குப் பலதரம் நடந்திருக்கிறது. இது என் அனுபவம், அவ்வளவுதான்.

அடுத்தது கால். முழங்கால் நோ, காலுளைவு, நீண்ட நடைக்குப் பின்னான களைப்பு, பாரிசவாதத்துக்குப் பிறகு காலில் தங்கிவிடும் பலவீனம். இதில் களைப்பு எனக்கு எளிதாக விளங்குகிறது. ஒவ்வொரு அடியிலும் பாதம் தரையில் இடறாமல் தூக்கிவிடுவது மேலே சொன்ன அந்தத் தசைதான். சம்மாந்துறை வயலில் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி நாற்று நடுகிறவர், மருதமுனையில் நாள் முழுதும் தறி மிதிக்கிறவர், கல்லடிக் கரையில் புதைமணலில் பின்பக்கமாக நடந்து கரைவலை இழுக்கிறவர் எல்லோருக்கும் அந்தத் தசை உழைத்து இறுகிப்போகும். இறுகிய சதையைப் பிடித்துவிட்டால் இலகுவாவது எந்தத் தத்துவமும் இல்லாமலே புரியும்.

மூன்றாவது, பொதுவான உடல்வலு. நீண்ட வருத்தத்திலிருந்து எழும்பியவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதைத் தொடர்ந்து தூண்டச் சொல்வார்கள். ‘நலமாக இருக்க வேண்டுமானால் மூன்று லீயைக் காயவிடாதே’ என்று சீனத்தில் ஒரு சொலவடை உண்டு. அந்தக் காலத்தில் இந்த இடத்தில் மூலிகையைச் சுட்டுப் புண்ணாக்கி, அந்தப் புண்ணை ஆறவிடாமல் வைத்திருப்பார்கள். காயவிடாதே என்பது அந்தப் புண்ணைத்தான். அதை இன்று யாரும் செய்யக் கூடாது.

ஆராய்ச்சியில், 2021இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் சியூஃபூ மா குழுவினர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. எலிகளின் பின்னங்காலில் இந்தப் புள்ளியில் ஊசி வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தியபோது, மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பி தூண்டப்பட்டு, உடலில் அழற்சி குறைந்தது. வயிற்றில் உள்ள வேறொரு புள்ளியில் அதே அளவு மின்சாரத்துக்கு அந்த விளைவு இல்லை. அதற்குக் காரணமான ஒரு வகை உணர்நரம்புகள் காலின் ஆழமான திசுக்களில் இருப்பதையும் காட்டினார்கள். எனக்கு இது பெரிய மகிழ்ச்சி தந்த செய்தி. ஆனால் அது எலியில், மின்சாரத்தோடு நடந்தது. நம் பெருவிரல் அழுத்தம் அதையே செய்யும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

எப்போது அழுத்தக் கூடாது

நெஞ்சுக்குழியில் எரிவு, மேல்வயிற்றில் அழுத்தம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ. இதைக் ‘கேஸ்ரிக்’ என்று நினைத்து இஞ்சி பிளேன்ரீ குடித்துக்கொண்டு வீட்டில் இருந்து உயிரை விட்டவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். மாரடைப்பு இப்படித்தான் வயிற்று வருத்தம்போல வேடம் போடும். சீனி வருத்தம், பிறஷர் உள்ளவர்களுக்கும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் இப்படி வந்தால் புள்ளி தேடி ஒரு நிமிடம்கூட வீணாக்க வேண்டாம். இலங்கையில் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

காய்ச்சலோடு கெண்டைக்கால் கடும் நோ. வயலில் இறங்கியவருக்கு இது வந்தால் முதலில் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். கண் சிவந்து, சலம் குறைந்து, சிறுநீரகம் வரை போய்விடும் வருத்தம் அது. டெங்குவிலும் உடம்பு முறித்துப் போட்டதுபோல நோகும். இந்தக் கால்நோவைப் பிடித்துவிட்டுத் தணிக்கப் பார்ப்பது நாளைக் கடத்துவதுதான். வைத்தியரிடம் போகும்போது வயலில் வேலை செய்ததைச் சொல்லுங்கள், அந்த ஒரு தகவல் அவருக்குப் பெரிய உதவி.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, பின்பக்கம் நோகிறதா? ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். சத்திரசிகிச்சைக்குப் பின், பிரசவத்துக்குப் பின், நெடுநாள் படுக்கையில் இருந்தபின் வந்தால் இன்னும் கவனம். அந்தக் காலைப் பிசையவே கூடாது. உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகக்கூடும்.

நரம்பு புடைத்திருக்கும் இடத்தின்மேல், புண், சிரங்கு, அண்மையில் முறிந்த எலும்பு உள்ள இடத்தில் அழுத்த வேண்டாம். வோபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் குளுசை எடுப்பவர்களுக்கு மெல்லிய அழுத்தம்கூடக் கண்டலாக மாறும். சீனி வருத்தத்தால் கால் விறைத்தவர்களுக்குப் பலம் கூடியது தெரியாது, அதனால் பக்கத்தில் இருப்பவர் தோலின் நிறத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கர்ப்பிணிகள் பற்றி ஒரு சொல். இந்தப் புள்ளி மரபின் விலக்குப் பட்டியலில் வழமையாக வருவதில்லை. ஆனால் உள்கணுவுக்கு மேலே, காலின் உட்பக்கத்தில், இதே நாலு விரற்கடை அளவில் இன்னொரு புள்ளி இருக்கிறது. அதைக் கர்ப்பகாலத்தில் தூண்டக் கூடாது என்று மரபே சொல்கிறது. ‘காலில் நாலு விரற்கடை’ என்று வாய்வழியாகக் கேட்டவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மேலேயிருந்து அளப்பது நம் புள்ளி, கீழேயிருந்து அளப்பது மற்றது. கர்ப்பிணி என்றால் மருத்துவமாதுவிடம் கேட்காமல் இரண்டையும் தொடாதீர்கள்.

ஊசியும் சூடும்

ஊசி குத்துவதை வீட்டில் முயலவே வேண்டாம். இந்தப் புள்ளிக்கு அடியில் காலின் முன்நாடியும் ஆழ்நரம்பும் ஓடுகின்றன. அக்குபங்சர் செய்பவரிடம் போனால், உறை பிரிக்காத புது ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள், முடிந்ததும் கூரானவற்றுக்கான பெட்டியில் போடுகிறாரா என்றும் பாருங்கள். ஒருமுறை ஒரு இடத்தில் கிண்ணத்து ஸ்பிரிட்டில் ஊறிய ஊசியைக் கையில் எடுத்ததைப் பார்த்து நான் எழும்பி வந்துவிட்டேன். ஈரலைத் தாக்கும் பி வகைக் கிருமி அப்படியும் பரவும்.

சூடு காட்டுவதற்குச் சீனர்கள் பயன்படுத்துவது மாசிப்பத்திரி இனத்து இலையைக் காயவைத்து இடித்த பஞ்சு, ‘மொக்சா’. ஆயிரம் வருடத்துக்கு முந்திய சீனாவின் தாங் அரச காலத்திலேயே முப்பது வயதைத் தாண்டியவர்கள் இந்த இடத்தில் சூடு காட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு அதற்குப் பதிலாக, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஐந்து நிமிடம் ஒத்தடம் கொடுத்துவிட்டு அழுத்துவது போதும். சூட்டை முதலில் முழங்கையில் வைத்துப் பாருங்கள். கால் விறைத்தவர்களுக்கு ஒத்தடமும் வேண்டாம். தெரியாமலே கொப்புளம் போட்டுவிடும்.

பாதயாத்திரை போகிறவர்களுக்கு

உகந்தையில் கதிர்காமத்துக்கான காட்டுப்பாதை திறந்து உள்ளே இறங்கிவிட்டால் நாவலடி, வியாழை என்று போகும் வழியில் கடையும் இல்லை, மருந்தும் இல்லை. அதனால் யாத்திரைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே தினமும் இரண்டு வேளை இதைப் பழகிவிடுங்கள், இருட்டிலும் கை தானாக இடத்துக்குப் போகும்படி. நடக்கும் நாட்களில் விடியப் புறப்படும் முன் ஒரு காலுக்கு ஒரு நிமிடம் மெல்லிதாக. மத்தியான ஓய்வில் முதலில் தண்ணீரும் கொஞ்சம் உப்பும். தண்ணீர் குறைந்து வரும் பிடிப்பை எந்தப் புள்ளியும் தீர்க்காது. இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்து, கொப்புளம் இருக்கிறதா பார்த்துவிட்டு, மூன்று நிமிடம் முழுதாக அழுத்துங்கள்.

கை ஓய்ந்துபோனால் மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து ஊன்றி, மற்றக் காலின் குதியை அந்தப் புள்ளியில் வைத்து மேலும் கீழுமாகத் தேய்க்கலாம். குனிய முடியாத பெத்தாமாருக்கு இதுதான் வசதி. பாயில் படுத்தபடியே இரண்டு காலுக்கும் மாறி மாறிச் செய்துவிட்டு அப்படியே நித்திரையாகிவிடலாம்.